சொல்வது ஒன்று, செய்வது ஒன்று: எங்களையும் மற்றவர்களையும் கனிவோடு பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் இருக்கும் மாடிக்குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய மண்டபம் இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பின்னேரம் அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, பிளேன்டீ குடித்தபடி மனதில் உறுத்துவதைக் கதைப்போம். நான் 31 வருடம் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உளவளத்துணை படித்தவள் அல்ல. வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவர் ஏன் இப்படி இரண்டு விதமாக இருக்கிறார்? நான் ஏன் இப்படி இருக்கிறேன்? இதை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில், ஒரே ஊரில் எப்படி வாழ்வது? நான் சொன்ன பதில்களையும், அன்று சொல்ல வராமல் பிறகு யோசித்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கனிவு, கனிவு என்கிறீர்களே ரீச்சர், எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவர் செய்த பிழையைப் பிழை என்றே சொல்வது. ஆனால் அந்தப் பிழையை மட்டும் தராசில் போட்டு அவரை நிறுக்காமல் இருப்பது. கோவிலில் அருள் என்கிறோம். தேவாலயத்தில் கிருபை என்கிறார்கள். எங்களோடு வந்து கதைக்கும் முஸ்லிம் தோழி அதை "ரஹ்மத்" என்பார். அவையெல்லாம் மேலேயிருந்து வருபவை. மனிதருக்கு மனிதர் கொடுப்பதற்குக் கனிவு என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். பழம் கனிய நாள் எடுக்கும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியென்றால் மன்னிப்பும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. மன்னிப்பு என்பது காயப்பட்டவர் மட்டும் கொடுக்கக்கூடியது. உங்கள் தங்கைக்கு ஒருவர் செய்ததை நீங்கள் மன்னிக்க முடியாது. கனிவோடு பார்ப்பது யாராலும் முடியும், காயப்படாதவராலும். திரும்பவும் கூடி வாழ்வது மூன்றாவது விஷயம். அதற்கு இரண்டு பக்கமும் வேண்டும், நம்பிக்கை திரும்ப வேண்டும், சில வேளை அது வராமலே போகும். இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "மன்னிச்சிட்டாய் எண்டால் ஏன் வீட்டுக்கு வரேல்லை?" என்று கேட்பதால்தான் எங்கள் குடும்பங்களில் பாதி மனஸ்தாபம் முடியாமல் கிடக்கிறது.

சொல்வதைச் செய்யாதவர் வேஷக்காரர்தானே? அதற்கு ஏன் வேறு பெயர் வைக்க வேண்டும்?

படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோவில் என்று பழமொழியே இருக்கிறது. நானும் இளம் வயதில் அந்தப் பழமொழியை எல்லார் தலையிலும் அடித்தவள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஐயா வீடு பம்பலப்பிட்டியில் இருந்தது. தமிழருக்குச் சம உரிமை வேண்டும் என்று அந்த வீட்டு முன்விறாந்தையில் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். குசினியிலோ, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வேலைக்கு வந்த மலையகத் தமிழ்ப் பிள்ளைக்கு வேறாக ஒரு கோப்பை, படுக்க நிலத்தில் ஒரு பாய். முதலில் ஐயாவைப் பொய்யர் என்று நினைத்தேன். பல வருடம் பழகிய பிறகுதான், அவர் சம உரிமை பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மனதார வந்தது என்று விளங்கியது. சிங்களம் தெரியாததால் பதவி உயர்வு மறுக்கப்பட்டு, அந்த வலியோடேயே ஓய்வு பெற்றவர் அவர். குசினிக் கோப்பை அவர் கண்ணில் படவேயில்லை. அவருடைய தாயார் வைத்த இடத்திலேயே அது இருந்தது.

ஒரு நாள் நான் மெதுவாகக் கேட்டேன்: "ஐயா, அந்தப் பிள்ளையின்ர கோப்பை ஏன் வேற?" நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா காலத்திலயிருந்து அப்படித்தான் பிள்ளை" என்றார். அடுத்த மாதம் நான் போனபோது கோப்பை மாறியிருந்தது. பாய் மாற இன்னும் இரண்டு வருடம் சென்றது.

வேஷக்காரருக்குத் தன் முரண் தெரியும். தெரிந்து, லாபத்துக்காக மறைக்கிறார். ஐயாவைப் போன்றவருக்கு அது தெரியாது, அல்லது தெரிய விரும்பாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பிரித்தறிய எனக்குத் தெரிந்த ஒரே வழி, தனியாகக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால் வைக்காமல், சுட்டிக்காட்டிப் பார்ப்பதுதான். சுட்டிய பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பாய்க்கு இரண்டு வருடம் பொறுத்தது சரியா என்று அந்தப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். எனக்கு இன்று அது பிழையாகவே படுகிறது. இரண்டாவது தடவையும் வாய் திறந்திருக்க வேண்டியவள் நான்.

படித்தவர்கள், விளங்கக்கூடியவர்கள்கூட ஏன் தங்கள் முரணைக் காண்பதில்லை?

மனம் தன்னோடு சண்டை பிடித்துக்கொண்டு இருக்க விரும்பாது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நம்புவதும் செய்வதும் ஒத்துவராதபோது உள்ளே ஒரு நெருடல் வருகிறது. அதைத் தீர்க்கச் செயலை மாற்றுவதைவிட எண்ணத்தை வளைப்பது சுலபம். 1959இல் அவரும் கார்ல்ஸ்மித் என்பவரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு அலுப்புத் தட்டும் வேலையொன்றைக் கொடுத்து, அடுத்து வருபவரிடம் "நல்ல சுவாரசியமான வேலை" என்று சொல்லச் செய்தார்கள். அப்படிச் சொன்னதற்குச் சிலருக்கு 20 டொலர், சிலருக்கு 1 டொலர். பிறகு கேட்டபோது, 1 டொலர் வாங்கியவர்கள்தான் வேலை உண்மையிலேயே நன்றாக இருந்தது என்றார்கள். 20 டொலர் வாங்கியவருக்குத் தான் சொன்ன பொய்க்குக் காரணம் கையில் இருக்கிறது. 1 டொலருக்காகப் பொய் சொன்னவர், அது பொய்யே இல்லை என்று தன்னை நம்பவைக்க வேண்டியிருக்கிறது.

இதைப் படித்த நாள் முதல், ஒருவர் தன் பிழைக்கு அளவுக்கு மீறி நியாயம் சொல்லும்போது நான் கோபப்படுவது குறைந்துவிட்டது. உள்ளே எங்கோ உறுத்துகிறது. அதனால்தான் அவ்வளவு சத்தம்.

எங்களுக்கு ஒரு அளவுகோல், மற்றவருக்கு ஒரு அளவுகோல். இது ஏன்?

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. இதை எங்கள் பாட்டிமார் எப்போதோ சொல்லிவிட்டார்கள். கொழும்பின் காலி வீதியில் நான் பாய்ந்து கடந்தால் அவசரம். வேறொருவர் கடந்தால் ஒழுங்கில்லாதவர். மற்றவர் செய்ததற்கு அவருடைய குணத்தைக் காரணமாக்கி, அவர் நின்ற சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விடும் பழக்கத்துக்கு லீ ரொஸ் என்ற உளவியலாளர் 1977இல் ஒரு பெயர் வைத்தார்: அடிப்படைக் கற்பிதப் பிழை.

சூழ்நிலைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1973இல் டார்லி, பாட்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் குருத்துவத்துக்குப் படிக்கும் மாணவர்களை, பக்கத்துக் கட்டடத்தில் போய்ச் சிறு உரை ஆற்றச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியர் உவமை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவியவரின் கதை. போகும் வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தவர் அவர். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். "பிந்திவிட்டது, ஓடுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர் மட்டுமே. நல்ல சமாரியர் பற்றிப் பேசப் போகிறாரா, வேறு விஷயமா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

ஓடியவர்கள் கெட்டவர்களா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நான் பாடசாலை மணியைப் பிடிக்க ஓடிய 31 வருடத்தில் எத்தனை பேரைக் கடந்து போயிருப்பேன்!

பெரிய மனிதர்கள் என்று நாங்கள் கும்பிடுகிறவர்களிடமும் முரண் இருந்தால்? கும்பிடுவதை விட்டுவிடுவதா?

கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலுக்குப் போயிருப்பீர்கள். கருங்கல்லில் அதைத் திரும்பக் கட்டியவர் ஆங்கிலேயர் காலத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1913இல் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி தொடங்கியவர். அதே மனிதர், அரசியலமைப்பை மாற்ற இங்கிலாந்திலிருந்து டொனமூர் ஆணைக்குழு வந்தபோது எல்லாருக்கும் வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். பெண்களைப் படிக்கவைக்கப் பள்ளிக்கூடம் கட்டியவர், அவர்கள் வாக்குப்போடுவதை விரும்பவில்லை. 1930இல் அவர் காலமானார். அடுத்த வருடம், 1931இல், இந்த நாட்டில் ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1915 கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதை அடக்க ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் போட்டு, விசாரணையும் ஒழுங்காக இல்லாமல் சிங்களவர்களைச் சுட்டார்கள், சிறையில் அடைத்தார்கள். இராமநாதன் அந்தக் கொடுமையை எதிர்த்துச் சட்டசபையில் பேசினார், இங்கிலாந்து வரை போய் வாதாடினார். திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைக் கொழும்பு வீதிகளில் தாங்களே இழுத்துப் போனார்கள். அநீதிக்கு எதிராக அவர் நின்றது உண்மை. கடையும் தொழுகையிடமும் எரிந்த முஸ்லிம்களுக்கு அந்த வண்டி ஊர்வலம் எப்படி இருந்திருக்கும் என்பதும் உண்மை.

நான் அந்தக் கோவிலுக்குப் போகிறேன். போகும்போது இவ்வளவையும் சேர்த்தே கொண்டு போகிறேன். மாணவிகளுக்கும் பாதியை மறைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. மறைத்திருந்தால், தங்கள் முரணைக் கண்ட நாளில் "நான் உருப்படமாட்டேன்" என்று அந்தப் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

எங்களைக் காப்பாற்றியவரே பிறகு எங்களைப் புண்படுத்தினால் அவரை எந்தப் பக்கத்தில் வைப்பது?

இதைக் கேட்டவர் தன் மூத்த அண்ணனைப் பற்றிக் கேட்டார். நான் பக்கத்து வீட்டு அங்கிளைப் பற்றித்தான் சொன்னேன்.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. எனக்கு 19 வயது. தமிழருக்கு எதிரான கலவரம் முதல் நாள் இரவு பொரளையில் தொடங்கியது, காலையில் எங்கள் பக்கம் வந்துவிட்டது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடி வந்தார்கள். அங்கிள் சிங்களவர், அரசாங்க உத்தியோகத்தர், அதிகம் கதைக்காதவர். பின் மதிலால் எங்கள் ஐந்து பேரையும் ஏற்றி எடுத்து, புத்தர் படம் வைத்து விளக்கேற்றும் அறைக்குள் இரண்டு இரவு வைத்திருந்தார். கேற்றில் வந்து கேட்டவர்களிடம் "இங்கே எங்கள் ஆட்கள்தான்" என்று சொன்ன அவர் குரல் எனக்கு இப்போதும் கேட்கும். சொன்னது பொய் என்று தெரிந்திருந்தால் அவருடைய வீடும் எரிந்திருக்கும். எங்கள் வீடு எரிந்தது. பிறகு அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தோம்.

1996 ஜனவரி 31இல் புலிகளின் குண்டு மத்திய வங்கியில் வெடித்தது. 91 பேர் இறந்தார்கள். கண்ணாடித் துண்டுகள் பறந்து எத்தனையோ பேருக்குக் கண் போனது. அங்கிளின் மருமகனுக்கு ஒரு கண் போனது. அந்த வருடம் தன் அனெக்ஸை வாடகைக்குக் கொடுக்க ஆள் தேடினார். என் ஒன்றுவிட்ட தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்க இடமில்லாமல் இருந்தான். நான் போய்க் கேட்டேன். "மகள், தமிழ் ஆட்களுக்குக் கொடுக்கிற யோசனை இல்லை" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. 83இல் அவர் செய்ததை 96ஆல் கழித்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் கணக்கு வரவில்லை. ஐந்து உயிரிலிருந்து ஒரு அனெக்ஸைக் கழிக்க முடியாது. அதே நேரம், உயிரைக் காப்பாற்றியவர் என்பதால் தம்பிக்காக நான் வாசலில் நின்று கேட்ட அந்தச் சொல் வலிக்காமலும் போகாது. இரண்டு கணக்கும் இரண்டு கொப்பியில் இருக்கட்டும் என்று விட்டேன்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரத் தட்டு கொண்டு போவதை நிறுத்தவில்லை. அவரும் கிரிபத் என்ற பாற்சோறு அனுப்புவதை நிறுத்தவில்லை. ஆனால் அடுத்த புத்தாண்டுக்குப் போனபோது ஒன்று சொன்னேன்: "அங்கிள், நீங்கள் அன்று சொன்னது எனக்கு நோந்தது." அவர் தலையாட்டினார். அதற்கு மேல் அந்த விஷயம் எங்களுக்குள் கதைக்கப்படவேயில்லை. அவர் காலமானபோது வெள்ளைக் கொடி கட்டிய அந்த ஒழுங்கையில் நான் தகப்பனுக்கு அழுவதுபோல் அழுதேன். கோபம் முழுவதும் போய்த்தான் அழுதேன் என்று சொன்னால் அது பொய்.

2022 பொருளாதார நெருக்கடியில் எதிர்வீட்டு அக்கா சமையல் காஸ் வைத்துக்கொண்டே இல்லை என்றார். இன்னும் அவர் முகம் பார்க்க முடியவில்லை. என்ன செய்வது?

நான்காம் மாடியில் விறகடுப்பு மூட்ட வழியில்லாத குடும்பம் உங்களுடையது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டும் இல்லாத காலம் அது. குழந்தைக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணி இல்லாமல் நீங்கள் கதவைத் தட்டியதை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை.

அவர் செய்தது பிழை. ஆனால் அந்த மாதங்களில் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்காக விடியற்காலையிலிருந்து வரிசையில் கிடந்து வெறுங்கையோடு வந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் மாறித்தான் போனார்கள். அதே வரிசைகளில் முன்பின் தெரியாதவருக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தவர்களும் இருந்தார்கள், ஒரு இடத்துக்காகக் கைகலந்தவர்களும் இருந்தார்கள். காலையில் தண்ணீர் கொடுத்தவரே மத்தியானம் கைகலந்ததை நான் பார்த்தேன். அக்காவிடம் இருந்த அந்தக் கடைசிச் சிலிண்டர் அவருக்கு என்னவாக இருந்தது என்று நீங்கள் கேட்டதுண்டா? கேட்டுப் பாருங்கள். பதில் திருப்தியாக வராவிட்டாலும் லிஃப்டில் கண்ணைப் பார்த்து ஒரு சொல் கதைக்க அது போதும். பழைய மாதிரி உறவாட வேண்டும் என்று கட்டாயமில்லை.

என்னை நானே மன்னித்துக்கொண்டால் நான் எப்படித் திருந்துவேன்? தண்டனை இல்லாமல் பிள்ளைகூடப் படிக்காதே?

படிப்பித்த அனுபவத்தில் சொல்கிறேன், தண்டித்துப் படித்த பிள்ளைகளைவிடப் பயந்து ஒளித்த பிள்ளைகளைத்தான் அதிகம் கண்டேன். 2010இல் மைக்கல் வோல் என்பவரும் இன்னும் இருவரும் கனடாவில் முதலாம் வருடப் பல்கலைக்கழக மாணவர்களைக் கவனித்து எழுதினார்கள். முதல் பரீட்சைக்குப் படிக்காமல் நாளைக் கடத்தியதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த பரீட்சைக்கு நாள் கடத்தியது குறைவாக இருந்தது. தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பவருக்குப் புத்தகத்தைக் கண்டாலே அந்தத் திட்டு ஞாபகம் வரும். அதனால் புத்தகத்தைத் தவிர்ப்பார்.

ஆனால் இந்தக் கேள்விக்கு ஆய்வைச் சொல்லி நான் தப்பிக்கக்கூடாது. என் கதையைச் சொல்ல வேண்டும்.

போர்க்காலத்தில் கொழும்புத் தமிழர் எல்லாருக்கும் அந்தப் பார்வை தெரியும். பஸ்ஸில் பையோடு ஏறினால் எல்லாக் கண்ணும் பையில். சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, உள்ளாடை வரை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். 2007 ஜூன் 7இல் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. ஒரு மனிதரைப் பொருளாகப் பார்க்கும் அந்தப் பார்வையை என் வாழ்நாளில் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் மற்ற இடங்களிலும் குண்டு வெடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் சைவர்களும் பௌத்தர்களும்கூடப் போய் மெழுகுதிரி கொளுத்தும் கோவில் அது, நானும் போயிருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளை ஒன்றும் அன்று உயிரிழந்தது.

மே மாதம் ஒரு நாள் 100ஆம் இலக்க பஸ்ஸில் இருந்தேன். பம்பலப்பிட்டியில் அபாயா அணிந்த ஒரு பெண் ஏறினார், கையில் பெரிய பை. எனக்குப் பக்கத்து இருக்கை காலி. அவர் வந்து இருந்தார். நான் எழும்பி முன்னுக்குப் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமல் பையின் சிப்பை இழுத்துத் திறந்து, என் பக்கம் சரித்துக் காட்டினார். வெள்ளைச் சீருடைத் துணி. அதற்கு மேல் ஒரு பாண். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த ஹோல்டில் இறங்கிவிட்டேன்.

சில மாதம் எனக்கு நானே நியாயம் சொன்னேன்: எல்லாரும் பயந்துதானே இருந்தோம், பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். அந்த நியாயம் தேய்ந்ததும் மறுபக்கம் போய் விழுந்தேன். நான் கேவலமானவள், 31 வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னதெல்லாம் வெறும் வாய், இனி யாருக்கும் எதுவும் சொல்லத் தகுதியில்லை. சனிக்கிழமைச் சந்திப்புக்குப் போவதை நிறுத்தினேன். அப்போது என் தோழி, ரஹ்மத் என்று சொல்லும் அதே தோழி, வீடு தேடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "உங்களைப் பற்றி இவ்வளவு யோசிச்சீங்கள் ரீச்சர், அந்தப் பொம்பளையைப் பற்றி எவ்வளவு யோசிச்சீங்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விடிந்தது. நியாயம் சொன்னபோதும் நான்தான் நடுவில் இருந்தேன். என்னைத் திட்டிக்கொண்டபோதும் நான்தான் நடுவில் இருந்தேன். அந்தப் பெண் இரண்டிலும் இல்லை. என்னோடு நான் கொஞ்சம் கனிவாக இருக்கத் தொடங்கிய பிறகுதான் அவரைப் பார்க்க எனக்கு இடம் கிடைத்தது. அன்று அவர் பஸ்ஸில் எத்தனையாவது தடவையாக அந்தப் பையைத் திறந்திருப்பார், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் என்ன சொல்லியிருப்பார் என்றெல்லாம் அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அந்த வருடக் கடைசியில், குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆட்கள் போவதை நிறுத்தியிருந்த ஒரு முஸ்லிம் கடையில் மாதச் சாமான் வாங்கத் தொடங்கினேன். இன்றும் அங்கேதான் வாங்குகிறேன்.

கணவர் அடிக்கிறார். பிறகு அழுது மன்னிப்புக் கேட்கிறார். கனிவு காட்டு என்று மாமி சொல்கிறார்.

முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அவருடைய முரணை விளங்கிக்கொள்வது உங்கள் வேலை அல்ல, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனம் உடைந்து தாங்க முடியாத நேரத்தில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. மாமியிடம் என்ன சொல்வது என்று பிறகு பார்க்கலாம்.

அப்போ 83ஐயும் முள்ளிவாய்க்காலையும் மன்னிக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை நெஞ்சில் அணைத்தபடி 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் இருக்கும் தாய்மாருக்கு "விட்டுக்கொடுங்கள்" என்று சொல்ல எனக்கு மட்டுமல்ல, எவருக்கும் உரிமை இல்லை. அவர்கள் கேட்பது பதில். கனிவு என்ற பெயரில் அந்தப் பதிலைக் கேட்காமல் செய்தால் அது கனிவல்ல, வாயை மூடுவது.

அதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 83இல் கையில் ஒரு பையோடு கப்பல் ஏறியவர்கள் நாங்கள். ஏழு வருடம் கழித்து அயலவர் பையோடு நடந்துபோனதை எங்களில் பலர் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். பயத்தில் நின்றோம் என்பது உண்மை. நாங்கள் கேட்கும் கணக்கை எங்களிடமும் கேட்பார்கள், கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் யாரும் "மன்னிச்சுக்கொள்" என்று சொல்வதேயில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதோடு சரி.

சின்னச் சண்டைக்கு அது போதும் என்பேன். "சாப்பிட்டியா?" என்று கேட்ட அம்மாவின் குரலிலேயே எல்லாம் இருக்கும். ஆனால் பெரிய காயத்துக்குப் புட்டும் மீன்குழம்பும் போதாது, வாயால் சொல்ல வேண்டும். என்ன செய்தேன் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "ஆனால்" என்ற சொல் வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பதில் உடனே வர வேண்டும் என்று காத்து நிற்காமல் எழும்பி வந்துவிட வேண்டும்.

"என்னைப் போன் பார்க்காதே என்று நீங்களே பார்க்கிறீர்களே" என்று பிள்ளை என் முரணைச் சுட்டிக்காட்டினால்?

"ஓம், நீ சொல்றது சரி" என்று சொல்லுங்கள். போனைக் கீழே வையுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். கோபம் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. யாரிடம் தீர்ப்பது?

தீர்க்க அவசரப்படாதீர்கள். திவசத்துக்குப் படைக்கும்போது அவருக்குப் பிடித்ததைப் படையுங்கள். அவர் செய்த பிழையையும் தெரிந்த ஒருவரிடம், அண்ணனிடமோ சித்தியிடமோ, வாய்விட்டுச் சொல்லுங்கள். இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்ததால் எத்தனை பேர் அந்த நல்ல நினைவுகளைக்கூடத் தொட முடியாமல் இருக்கிறார்கள் என்று இந்த மண்டபத்தில்தான் கண்டேன்.

ரீச்சர், அந்த பஸ்ஸில் கண்ட பெண்ணை மறுபடி கண்டால் என்ன சொல்வீர்கள்?

முன்பெல்லாம் நீண்ட பேச்சு ஒன்றை மனதில் எழுதி வைத்திருந்தேன். சோதனைச் சாவடி, 83, எல்லாம் அதில் இருந்தது. இப்போது அதையெல்லாம் வெட்டிவிட்டேன். "2019இல் உங்களுக்குப் பக்கத்திலிருந்து எழும்பிப் போனது நான்தான். அது பிழை. உங்கள் பையில் வெள்ளைச் சீருடைத் துணி இருந்தது, தைத்து முடித்தீர்களா, பிள்ளை இப்போது எத்தனையாம் வகுப்பு?" என்று கேட்பேன்.